வெண்ணெய் விற்ற நாடும் மாஜரீன் உண்ட மக்களும்

பாணில் பூசுவதற்கு வெண்ணெய் நல்லதா, மாஜரீன் நல்லதா என்னும் வினா ஆசிரியர் ஓய்வறையிலும் மாணவர் விடுதியிலும் அடிக்கடி எழுவதொன்று. வைத்தியர் ஒன்றைச் சொல்ல, விளம்பரம் வேறொன்றைச் சொல்ல, பத்திரிகையின் மருத்துவப் பகுதி மற்றொன்றைச் சொல்லக் கேட்டு மக்கள் மயங்குகின்றனர். விஞ்ஞானிகள் தம்முள் முரண்படுவதே இம்மயக்கத்துக்குக் காரணமெனப் பலர் எண்ணுவர். விஞ்ஞானத்தின் முடிவுகள் காலந்தோறும் திருத்தம் பெற்றுவந்தமை உண்மையே. எனினும், இவ்விரு பண்டங்களும் மக்களின் உணவுத் தட்டை வந்தடைந்த வழியை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, எதை உண்பது என்பதைப் பெரும்பாலான மக்கள் தாமாகத் தெரிந்தெடுத்த காலம் மிகக் குறைவு என்பது புலனாகும். விலையும் வணிகமும் சட்டமுமே அவர்களுக்காகத் தெரிந்தெடுத்து வந்துள்ளன. இதனைத் தெளிவுறக் காட்டுவது டென்மார்க் என்னும் சிறிய நாட்டின் வரலாறு. அதனை நடுவாக வைத்து இவ்வினாவை ஆராய்வதே எமது நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவின் கைத்தொழில் நகரங்கள் விரைந்து பெருகின. நிலத்தை விட்டு ஆலையை நாடிவந்த தொழிலாளிக்குப் பசுவும் இல்லை, மேய்ச்சல் தரையும் இல்லை. உடலை வருத்தி உழைப்பவனுக்குக் கொழுப்பு ஆடம்பரப் பொருளன்று. ஒரு கிராம் மாச்சத்தோ புரதமோ நான்கு கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி தருகின்றது. காய்ந்த பாணை விழுங்கத் துணைசெய்வதும் அதுவே. நகரங்களின் சனத்தொகை பெருகப் பெருக வெண்ணெயின் விலையும் ஏறிற்று. தொழிலாளியின் கூலியோ அதற்கேற்ப ஏறவில்லை.

இந்நிலையில் பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், கடற்படையினருக்கும் வசதி குறைந்த வகுப்பாருக்கும் உதவக்கூடிய மலிவான வெண்ணெய்ப் பிரதியீடொன்றைக் கண்டுபிடிக்கும் முயற்சிக்கு ஊக்கமளித்தார். போருக்குச் செல்லும் படைவீரனும் ஆலைக்குச் செல்லும் தொழிலாளியும் அரசுக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. இப்பணியில் வெற்றிகண்டவர் இப்போலிற் மேஜ்-மூரியே என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதன் மென்மையான பகுதியைப் பிரித்தெடுத்து, ஆடை நீக்கிய பாலுடன் கடைந்து அவர் உருவாக்கிய பண்டத்துக்கு 1869ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. மாஜரீன் என்னும் பெயர் முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அவருக்கு முன்னரே செவ்ரூல் என்னும் அறிஞர், கொழுப்பிலிருந்து பெற்ற முத்துப்போல் ஒளிரும் பொருளொன்றைத் தனியோர் அமிலமெனக் கருதி அச்சொல்லால் அழைத்திருந்தார். அது தனியோர் அமிலமன்று, வேறு அமிலங்களின் கலவையே என்பது பின்னர் தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1870இல் மூண்ட பிரெஞ்சு-புருசியப் போரில் நெப்போலியனின் ஆட்சி வீழ்ந்தது. மறு ஆண்டிலே இம்முறை ஒல்லாந்தின் ஒஸ் என்னும் ஊரில் வெண்ணெய் வணிகம் செய்துவந்த யூர்கன்ஸ் குடும்பத்தின் கைக்குச் சென்றது. அதே ஊரைச் சேர்ந்த வன் டென் பேர்க் குடும்பமும் இத்தொழிலில் இறங்கிற்று. போட்டியாளராயிருந்த இவ்விரு குடும்பங்களும் 1927இல் இணைந்தன. அவ்விணைப்பு 1930இல் பிரித்தானியாவின் லீவர் சகோதரர் நிறுவனத்துடன் சேர்ந்து யுனிலீவர் ஆயிற்று. ஏழைக்கு உணவளிக்கவென அரசொன்று தொடக்கிவைத்த முயற்சி அறுபது ஆண்டுகளில் உலகின் மிகப் பெரிய தனியார் நிறுவனங்களுள் ஒன்றைப் பெற்றெடுத்தது.

மலிவான பண்டம் சந்தைக்கு வந்ததும் பழைய பண்டத்தை விற்போர் வாளாவிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் 1886இல் மாஜரீன் இறாத்தலொன்றுக்கு இரண்டு சதம் வரி விதித்தது. 1902இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மஞ்சள் நிறமூட்டிய மாஜரீனுக்குப் பத்துச் சதமும் நிறமூட்டாததற்குக் கால் சதமும் வரியாயின. சில மாநிலங்கள் மாஜரீனுக்கு இளஞ்சிவப்பு நிறமூட்டியே விற்கவேண்டுமெனச் சட்டமியற்றின. மக்கள் அருவருத்து வாங்காதிருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நியூ ஹம்ஷயர் மாநிலத்தின் அத்தகைய சட்டத்தை 1898இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. கூட்டாட்சி அரசின் வரி 1950 வரை நீடித்தது. பாற்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற விஸ்கொன்சின் மாநிலம் நிறமூட்டிய மாஜரீன் மீதான தடையை 1967இலேயே நீக்கிற்று. வெள்ளை நிற மாஜரீனுடன் தனியே தரப்பட்ட சாயத்தைத் தம் கையாற் பிசைந்து மஞ்சளாக்கிக்கொண்டது அந்நாட்டு இல்லத்தரசிகளின் வழக்கமாயிருந்தது.

இச்சட்டங்கள் மக்களின் நலம் காக்கவே இயற்றப்பட்டனவென அன்று சொல்லப்பட்டது. வெண்ணெயென ஏமாற்றி மாஜரீனை விற்ற வணிகர் இருந்தமையும், அவர்களால் சிறு பண்ணையாளர் நட்டமடைந்தமையும் உண்மை. ஆயினும் ஏமாற்றைத் தடுப்பதற்குப் பெயர்ச்சீட்டே போதும். 1887இல் பிரித்தானியா இயற்றிய சட்டம், இப்பண்டம் மாஜரீன் என்ற பெயராலேயே விற்கப்படவேண்டுமென விதித்தது. பெயரோடு நில்லாது நிறத்துக்கும் வரி விதித்த இடத்திலே, காக்கப்பட்டது உண்பவனின் உடல்நலமன்று, விற்பவனின் சந்தையே.

இனி டென்மார்க்கிற்கு வருவோம். 1870களில் அமெரிக்காவிலிருந்தும் ருஷியாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவிற் குவியத் தொடங்கிற்று. தானியம் விளைத்துப் பிழைத்த டேனிய விவசாயி, அத்தானியத்தைப் பசுவுக்கிட்டு வெண்ணெயாக்கி விற்கும் வழியை மேற்கொண்டான். 1878இல் சுவீடனைச் சேர்ந்த டி லாவல் உருவாக்கிய, சுழற்சியினாற் பாலையும் ஆடையையும் பிரிக்கும் பொறி அவனுக்குத் துணையாயிற்று. 1882இல் மேற்கு யூற்லாந்தின் ஜெடிங் என்னும் சிற்றூரில் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலை தோன்றிற்று. சிறு விவசாயிகள் தம் பாலை ஒன்றுசேர்த்து, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறையில் நடத்திய இச்சாலைகள் சில ஆண்டுகளுள் நாடெங்கும் பரவின. கூட்டுறவின் வரலாற்றில் இதுவொரு பொன்னேடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அப்பாற்சாலைகளின் வெண்ணெய் பெரும்பாலும் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றது. கூட்டுறவு தொடங்கிய மறு ஆண்டிலே, 1883இல், ஒட்டோ மன்ஸ்ரெட் என்பவர் ஓர்ஹஸ் நகரில் டென்மார்க்கின் முதலாவது மாஜரீன் ஆலையை அமைத்தார். இவ்விரு நிகழ்ச்சிகளையும் தனித்தனியே நோக்குதல் கூடாது. உயர்ந்த விலைக்கு வெண்ணெயை விற்றுவிட்டுக் குறைந்த விலைக்கு மாஜரீனை வாங்கி உண்பது குடும்பக் கணக்குக்குப் பொருந்திற்று. நகரத் தொழிலாளிக்கோ வேறு வழியே இருக்கவில்லை. இவ்வாறு உலகுக்கு வெண்ணெய் ஊட்டிய நாடு மாஜரீன் உண்பதிலும் உலகில் முன்னணி வகித்தது. ஆடையைப் பொறி முற்றாகப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பால் பன்றிகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் உணவாயிற்று.

இதே காலத்தில் மாஜரீனின் உள்ளடக்கமும் மாறிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொழுப்பு தேவைக்குப் போதாமையால் ஆலைகள் தாவர எண்ணெய்களை நாடின. ஹம்பேர்க், மார்சேய் முதலிய துறைமுகங்களில் வெப்பவலய நாடுகளின் கொப்பறா வந்து குவிந்தது. இங்கேதான் இவ்வரலாற்றில் நம் நாடும் இடம்பெறுகின்றது. குருநாகல், சிலாபம், கொழும்பு ஆகியவற்றை இணைக்கும் தென்னை முக்கோணத்திலிருந்து கொப்பறாவும் தேங்காயெண்ணெயும் ஐரோப்பிய ஆலைகளுக்குச் சென்றன. தேயிலைத் தோட்டங்களைப் போலன்றித் தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் உள்நாட்டு உடைமையாளர் வசமே இருந்தன. ஆயினும் கொப்பறாவின் விலையைத் தீர்மானித்தது ஐரோப்பியச் சந்தையே. கொங்கோவின் நிலை இதனினும் கொடியது. 1911இல் பெல்ஜிய அரசுடன் செய்த உடன்படிக்கையின்படி லீவர் நிறுவனம் அங்கே பெரும் நிலப்பரப்பிற் செம்பனை உரிமை பெற்றது. சவர்க்காரத்துக்கும் மாஜரீனுக்கும் வேண்டிய எண்ணெய்க்காகக் கட்டாய உழைப்பு அங்கே நடைமுறையாயிற்று. 1931இல் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, குடியேற்ற அரசின் படை அவர்களைச் சுட்டு ஒடுக்கிற்று. ஐரோப்பியத் தொழிலாளியின் மலிவான பாண் பூச்சின் விலையில் ஒரு பங்கை ஆபிரிக்க உழைப்பாளி செலுத்தினான் என்பதை நாம் மறத்தலாகாது.

மூலப்பொருள் மாறியதன் உடல்நல விளைவை அன்று எவரும் அறிந்திலர். உணவிலுள்ள கொழுப்பெல்லாம் ஒன்றே என்பது அக்கால நம்பிக்கை. 1913இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்மர் மக்கொலம், மார்கரைட் டேவிஸ் ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளின் பேறாக, வெண்ணெய்க் கொழுப்பிலும் முட்டை மஞ்சட்கருவிலும் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் உண்டெனவும், பன்றிக் கொழுப்பிலும் ஒலிவ் எண்ணெயிலும் அது இல்லையெனவும் காட்டினர். பின்னர் விற்றமின் ஏ என அழைக்கப்பட்டது அதுவே. தேங்காயெண்ணெயிலும் அது இல்லை.

எலிகளிற் காணப்பட்டது மனிதப் பிள்ளைகளிலும் காணப்பட்டது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் கோபன்ஹேகன் நகரின் குழந்தை மருத்துவர் கார்ல் புளொக், கண் வறண்டு, விழிவெண்படலம் மங்கிப் புண்ணாகிப் பார்வையிழந்துவந்த ஏழைப் பிள்ளைகள் பலரைக் கண்டார். சிறுவர் இல்லமொன்றில், ஒரு பிரிவிலிருந்த பிள்ளைகளை இந்நோய் பற்றியிருக்க, மறு பிரிவினர் நலமாயிருந்தனர். இரு பிரிவினரின் உணவையும் அவர் ஒப்பிட்டு நோக்கினார். நலமாயிருந்தோருக்கு ஆடை நீக்காத பால் கிடைத்துவந்தது. நோயுற்றோருக்கு அது கிடைக்கவில்லை. ஆடைப்பாலும் கொட் மீனின் ஈரலெண்ணெயும் கொடுத்தபோது, காலம் தாழ்த்தாது வந்த பிள்ளைகள் குணமடைந்தனர். விழி சிதைந்தபின் வந்தோரின் பார்வை மீளவில்லை. ஐரோப்பாவிலேயே சிறந்த வெண்ணெய் விளைந்த நாட்டிலே, வெண்ணெயிலுள்ள ஒரு சத்து கிடைக்காமற் பிள்ளைகள் குருடாயினர். இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை ஒரு வணிக முறைமீது சுமத்த முடியுமோ?

அடுத்து நிகழ்ந்தது எவரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை போலாயிற்று. 1917 பெப்ரவரியில் ஜேர்மனி தன் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலைக் கட்டுப்பாடின்றி விரிவாக்கிற்று. எண்ணெயும் கொப்பறாவும் டென்மார்க்குக்கு வருவது தடைப்பட, மாஜரீன் கடைகளிலிருந்து மறைந்தது. அரசு அவ்வாண்டு டிசம்பரில் வெண்ணெயைப் பங்கீட்டுக்குள் கொண்டுவந்தது. ஆளுக்கு வாரத்துக்கு 250 கிராம், ஏழையும் வாங்கக்கூடிய விலையில். ஏற்றுமதி சுருங்கி வெண்ணெய் நாட்டுக்குள்ளேயே தங்கிற்று. கண் மருத்துவர் ஒலாவ் பிளெக்வாட் திரட்டிய விபரங்களின்படி, அந்நோய் 1918இல் பெரிதும் அருகிவிட்டது. மருத்துவர் செய்ததிலும் கூடுதலான நன்மையை அவ்வாண்டில் ஒரு பங்கீட்டு அட்டை செய்தது. கூப்பன் அரிசியின் விலையேற்றத்தை எதிர்த்து 1953 ஆகத்து 12இல் நாடெங்கும் எழுந்த ஹர்த்தாலின் வரலாற்றை அறிந்த இலங்கை வாசகருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து வெண்ணெய் அமுதம், மாஜரீன் நஞ்சு என்ற முடிவுக்கு வருவோமாயின் தவறிழைத்தவராவோம். அப்பிள்ளைகளைக் குருடாக்கியது மாஜரீனில் இருந்த ஒன்றன்று. அதில் இல்லாத ஒன்று. இல்லாததைச் சேர்த்தல் இயலும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய அரசு மாஜரீனில் விற்றமின் ஏயும் டீயும் சேர்க்கப்படவேண்டுமெனக் கட்டளையிட்டது. அறிவும் சட்டமும் இணைந்தவிடத்து ஏழையின் உணவு செல்வனின் உணவுக்குத் தாழ்ந்ததாக இருக்கவேண்டியதில்லை என்பதை அது காட்டிற்று.

எனினும், இன்னொரு தீங்கு அதே பண்டத்தில் மறைந்திருந்தது. 1902இல் வில்ஹெல்ம் நோர்மன் என்னும் ஜேர்மானிய இரசாயன அறிஞர், நிக்கல் முன்னிலையில் ஐதரசனைச் செலுத்தித் திரவ எண்ணெயைத் திண்மக் கொழுப்பாக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். இதனால் திமிங்கில எண்ணெயும் பருத்திவிதை எண்ணெயும் கூட மாஜரீனாயின. எண்ணெயை முழுமையாக அன்றிப் பாதியளவில் ஐதரசனேற்றும்போது, எஞ்சிய கொழுப்பமிலங்களிற் சிலவற்றின் வடிவம் மாறுகின்றது. வளைந்திருந்த மூலக்கூறு நிமிர்ந்துவிடுகின்றது. இவையே திரான்ஸ் கொழுப்புக்கள். அறை வெப்பத்தில் உருகாமை, நெடுநாள் கெடாமை ஆகிய பண்புகளால் வணிகர் இவற்றை விரும்பினர்.

1957இலேயே அமெரிக்க ஆய்வாளர் பிரெட் கும்மரோ இக்கொழுப்புக்கள் மனித உடலின் இழையங்களிற் படிவதை வெளியிட்டார். பெரிதாக எவரும் செவிசாய்க்கவில்லை. மாறாக, வெண்ணெயின் நிரம்பிய கொழுப்பு இதயத்துக்கு ஊறு என்ற கருத்து 1960களில் வலுப்பெற, மாஜரீன் நலத்தின் சின்னமாக விளம்பரம் பெற்றது. 1990இல் ஒல்லாந்தைச் சேர்ந்த மென்சிங்க், கட்டான் ஆகியோரின் ஆய்வு, திரான்ஸ் கொழுப்பு குருதியிலுள்ள தீய கொலஸ்திரோலைக் கூட்டுவதோடு நல்ல கொலஸ்திரோலைக் குறைக்கவும் செய்கின்றதென நிறுவிற்று. மாஜரீன் தொழில் கருக்கொண்ட நாட்டிலிருந்தே அதன் பெருங்குறை வெளிப்பட்டது. நலம் நாடி வெண்ணெயைக் கைவிட்டவர்களுக்கு அதனினும் தீயதொன்றே பல காலம் கொடுக்கப்பட்டிருந்தது.

இவ்வறிவைச் சட்டமாக்குவதில் முந்திய நாடு எது? டென்மார்க்கே. 2003இல் அந்நாடு, உணவுக் கொழுப்பில் நூறு கிராமுக்கு இரண்டு கிராமுக்கு மேற்பட்ட கைத்தொழில்முறைத் திரான்ஸ் கொழுப்பு இருத்தலாகாதென விதித்தது. பெயர்ச்சீட்டிற் குறிப்பிட்டுவிட்டு விற்கலாம் என்ற சலுகையை அது ஏற்கவில்லை. பெயர்ச்சீட்டை வாசித்து விலக்கிக்கொள்ளும் வாய்ப்பு எல்லாருக்கும் சமமாக இல்லை. கடையிற் பொரித்ததை வாங்கி உண்ணும் தொழிலாளிக்கு எந்தப் பெயர்ச்சீட்டும் காட்டப்படுவதில்லை. டேனிய உணவுத் தொழில் அழிந்துவிடவுமில்லை. பண்டங்களின் சேர்மானத்தை மாற்றிக்கொண்டது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் இக்கொழுப்பை ஒழிக்குமாறு எல்லா நாடுகளையும் கேட்டது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் டென்மார்க்கின் அளவே சட்டமாயிற்று.

இவ்வளவும் கூறியபின், எதை உண்பது என்று கேட்போருக்கு விடைசொல்லாது விடுதல் முறையன்று. வெண்ணெயின் நிறையில் ஏறத்தாழ அரைவாசி நிரம்பிய கொழுப்பு. அது தீய கொலஸ்திரோலை உயர்த்துவது. பகுதி ஐதரசனேற்றம் செய்யப்படாத, நிரம்பாத எண்ணெய்கள் மிகுந்த மென்மையான மாஜரீன் இதயத்தைப் பொறுத்தவரை வெண்ணெயிலும் ஏற்றது. பகுதி ஐதரசனேற்றிய கொழுப்பு சேர்ந்த மாஜரீன் வெண்ணெயிலும் தீயது. எந்த மாஜரீன் என்று அறியாமல் மாஜரீனைப் புகழ்வதும் பழிப்பதும் பயனற்றவை. நிரம்பிய கொழுப்பு நாள் ஒன்றின் கலோரியிற் பத்திலொரு பங்குக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தேங்காயெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பே என்பதால், சம்பலோடும் சொதியோடும் பாண் உண்ணும் நம்மவர் பூச்சு எதுவாயினும் மெல்லிதாகப் பூசுதல் நன்று. விற்றமின் ஏயைத் தேடி வெண்ணெய்க்குப் போகவேண்டியதில்லை. முருங்கையிலை, பசளி, பூசணி, பப்பாசி, மாம்பழம் ஆகியவற்றிலுள்ள கரோட்டினை உடல் அச்சத்தாக மாற்றிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு முட்டையும் கிடைக்குமாயின் இன்னும் நன்று.

ஆனால் இவ்விடை தெரிந்தெடுக்கும் வாய்ப்புள்ளவர்களுக்கே உதவும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாயிடம் வெண்ணெயா மாஜரீனா என்று கேட்டிருப்போமாயின், அவர் எம்மை எவ்வாறு நோக்கியிருப்பார்? மாணவன் பசிக்கு வாங்கும் பணிசிலும் ரோல்சிலும் எக்கொழுப்பு சேர்ந்துள்ளதென்பது அவனுக்கும் தெரியாது, பலவேளைகளில் விற்பவருக்கும் தெரியாது. தனிமனிதருக்கு அறிவுரை வழங்குவதோடு எமது கடமை முடிந்துவிடாமைக்கு இதுவே காரணம்.

கோபன்ஹேகனின் பிள்ளைகள் பார்வையிழந்தபோது அவர்களின் தாய்மார் அறியாமையால் மாஜரீனை வாங்கினர் என்று சொல்வது எளிது. வெண்ணெயின் நன்மையை அவர்கள் அறிந்திருந்தாலும் அதை வாங்கியிருக்க முடியாது. ஓர் ஆண்டுக்கு வெண்ணெய் நாட்டிலேயே தங்கி, நியாயமான விலையில் எல்லாருக்கும் பங்கிடப்பட்டபோது நோய் பின்வாங்கிற்று. ஆசிரியர்களும் மாணவர்களும் உணவைப் பற்றிக் கற்பதும் கற்பிப்பதும் இந்த இடத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். பெயர்ச்சீட்டை வாசிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிற் பயன்படும் கொழுப்பு எது என்று கேட்போம். அத்துடன், நல்ல உணவு எது என்று விஞ்ஞானம் கண்டறிந்த பின்னரும் அது ஏன் எல்லாப் பிள்ளைகளின் தட்டுக்கும் வரவில்லை என்ற வினாவையும் இடைவிடாது எழுப்புவோம்.